நிகழ்ந்த இடம்: அடுக்களை

கச்சான் தொடங்கிவிட்டது.
தெற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு
அடுப்பு மேடையில் லேப்டாப்பை விரிக்கிறேன்.
பாம்பன் தெற்குவாடியில் எங்கள் வீட்டில்
டவர் இங்கே மட்டும்தான் விழும்,
மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில்
ஒரு முழ அகலத்துக்கு.

இரவு ஒன்பதுக்கு அமெரிக்கா திறக்கிறது.
ஒஹையோவில் ஒருவர் பனியில் வழுக்குகிறார்.
டெக்சாஸில் ஒருத்தியை
அவள் வளர்த்த கிளியே கொத்துகிறது.
எல்லாவற்றுக்கும் குறியீடு உண்டு.
கிளி கொத்தினால் ஒன்று, வாத்து கொத்தினால் வேறொன்று.
காயத்துக்கு, நிகழ்ந்த இடத்துக்கு,
அந்த நேரம் கூலிக்கு உழைத்தாரா
சும்மா இருந்தாரா, அதற்கும்.
கடைசியில் ஓர் எழுத்து:
முதல் வைத்தியத்துக்கு ஏ,
ஆறிவருகையில் டி,
ஆறிய பிறகும் மிஞ்சுவதற்கு எஸ்.
உப்பேறிய என் கீபோர்டில்
எஸ் மட்டும் இரண்டு தடவை அமுக்கினால்தான் விழும்.

சவேரி வீட்டில் இருக்கும் இரவுகளில்
அவன் குறட்டை ஹெட்செட்டுக்குள் நுழையாதபடி
கதவடியில் கைலியைச் சுருட்டி வைப்பேன்.
ஒருநாள் திருச்சியிலிருந்து கீர்த்திவாசன் கேட்டார்,
"ரொமில்டா, பின்னால என்ன சத்தம், மழையா?"
பக்கத்து வீட்டில் நண்டு கழுவுகிறார்கள் என்று சொல்லவில்லை.
மழை என்றேன்,
மே மாதத்தில்.

காலையில் கண்ணயரும்போது
சூசையம்மா கருவாட்டைப் பரப்பிவிட்டுக் குரல் கொடுப்பாள்:
"பகல்ல வீட்டுலதானே கெடக்கே,
காக்கா வந்தா வெரட்டு."

போன மாசியில்
ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு திருக்கை வந்தது.
நாற்பத்தெட்டு வயது, இடது பாதம்,
டி அறுபத்துமூன்று புள்ளி ஐந்து ஒன்று ஒன்று.
இடம் கடற்கரை. கூலிக்கு அல்ல, விடுமுறைக்கு.
பில் மூன்று பக்கம்.
அதே வாரம் வலை பிரிக்கையில்
சவேரியின் புறங்காலிலும் திருக்கை முள்.
மண்டபம் ஆஸ்பத்திரிச் சீட்டில்
'கால் காயம்' என்று இரண்டே சொல்.
சீட்டின் பின்பக்கம் பென்சிலால்
முழுக் குறியீட்டையும் எழுதிவைத்தேன்,
இடம் படகு, கூலிக்கு உழைக்கையில்,
ஓர் இலக்கம் பிசகாமல்.
யாரும் கேட்கவில்லை. கைப்பழக்கம்.

இன்று விடியற்காலை மூன்றேகால்.
இன்னும் பன்னிரண்டு சார்ட் பாக்கி.
அபிஷா எழுந்து பால் கேட்டாள்.
ஒரு கையில் மவுஸ், ஒரு கையில் பால்சட்டி.
அப்புறம் குழாயடி, தேங்காயெண்ணெய்,
பிள்ளையின் அழுகை.
பதினாலு நிமிடம் திரை அசையவில்லை.
பெட்டி ஒன்று எழும்பியது:
செயலற்ற நேரம். காரணம்?

கீர்த்திவாசன் நல்லவர்.
"கை எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.
பிறகு ஃபார்ம் அனுப்பினார்.
பணியிட விபத்தா, வீட்டு விபத்தா,
ஒன்றைத்தான் டிக் செய்யலாம்.

நிகழ்ந்த இடம் எனக்கு மனப்பாடம்.
ஒய் தொண்ணூற்றிரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று பூஜ்யம்,
தனிவீட்டு அடுக்களை.
அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டேன்.
எந்தக் கை சுட்டது என்று பார்த்தேன்.
வலது. மவுஸ் பிடித்தது.
பாலைச் சாய்த்தது இடது.
ஊற்றியது வீடு,
வெந்தது ஆபீஸ்.
நாலு வருஷத்தில் பல்லாயிரம் சார்ட் பார்த்திருக்கிறேன்,
இப்படி ஒன்று வந்ததில்லை.
வந்திருந்தால் சந்தேகம் எழுதித்
திருப்பி அனுப்பியிருப்பேன்.

வெளுக்கையில் சவேரி வந்தான்.
கையைப் பார்த்துவிட்டு
படகுப் பெட்டியிலிருந்து ஐஸ் கொண்டுவந்தான்,
சூடை மீன் வாடையோடு.
"எங்க வச்சு சுட்டுக்கிட்ட?"
"ஆபீஸ்ல."
அடுப்பைப் பார்த்தான். லேப்டாப்பைப் பார்த்தான்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"லீவு தருவாங்களா?" என்றான்.

வெளியே காக்காய்ச் சத்தம்.
நான் எழுவதற்குள்
காலைச் சாய்த்துச் சாய்த்து
அவனே போனான்.